தலைப்பில் எந்தச் சொல்? கேள்வி பதில்

நாளிதழ் டெஸ்க்கில் சப் எடிட்டராக இருக்கிறேன். தலைப்பு வைப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: ‘அதிர்ச்சி’, ‘பரபரப்பு’ போட்டால்தான் படிக்கிறார்களா சார்?

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. கடை வாசலில் தொங்கும் போஸ்டரில் தினமும் பார்த்துப் பார்த்து, இப்போது கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. எது அதிர வைத்ததோ அதையே எழுதுங்கள். உதாரணத்துக்கு, ‘அரசுப் பள்ளியில் பரபரப்பு’ என்றால் ஒன்றும் தெரியவில்லை. ‘பாடம் நடக்கும்போது இடிந்து விழுந்த மேற்கூரை’ என்று வையுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கும் யாரும் தாண்டிப் போகமாட்டார்கள்.

கேள்வி: பலி, சாவு, உயிரிழப்பு, காலமானார்... எதை எங்கே போடுவது?

பதில்: நல்ல கேள்வி. வயதாகி இறந்த பெரியவருக்குக் ‘காலமானார்’. விபத்து, வெள்ளம் என்றால் ‘பலி’. இரண்டே எழுத்து என்பதால் ஒரே பத்தி அகலத்தில் (சிங்கிள் காலம்) வரும் தலைப்பிலும் அடங்கிவிடும். ஆனால் தலைவர் என்றால் ‘மறைவு’, கூலித் தொழிலாளி என்றால் ‘சாவு’ என்று கை தானாக எழுதுகிறதே, அதை விடவேண்டும்.

இதைவிட முக்கியம், பலி என்ற சொல்லுக்கு முன்னால் என்ன வருகிறது என்பது. ‘விஷவாயு தாக்கி 2 பேர் பலி’ என்று எத்தனை முறை படித்திருக்கிறோம்! அதில் குற்றவாளி விஷவாயு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கக்கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. ‘கழிவுநீர்த் தொட்டியில் இறக்கப்பட்ட 2 தொழிலாளர்கள் பலி’ என்று எழுதிப் பாருங்கள். ‘இறக்கப்பட்ட’ என்றதும் யார் இறக்கியது என்று வாசகர் கேட்பார். நிருபரின் செய்தியில் அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் கெட்ட செய்திக்குத்தான் கிளிக் வருகிறது என்கிறார்களே, உண்மையா அண்ணா?

பதில்: உண்மைதான் தம்பி. அமெரிக்காவின் அப்வொர்த்தி தளம் ஒரே செய்திக்குப் பல தலைப்புகள் வைத்துச் சோதித்த தரவுகளை ஆராய்ந்து, 2023இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சராசரி நீளத் தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் கிளிக் விகிதம் 2.3 சதவீதம் கூடுகிறதாம். ஆனால் அவர்கள் அளந்தது கிளிக்கை மட்டும். உள்ளே வந்தவர் கடைசிவரை படித்தாரா, நம்பினாரா என்பது அந்தக் கணக்கில் வராது. நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.

கேள்வி: தங்கம் விலைக்கு ‘எகிறியது’ போடலாமா?

பதில்: ‘சவரனுக்கு ரூ.800 கூடியது’ போதும். கல்யாணத்துக்கு நகை எடுக்கவேண்டிய வீட்டில் அந்த எண்ணே வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: தேர்வில் தோற்ற மாணவர் தற்கொலைச் செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்?

பதில்: இங்கே மட்டும் வாசகரை இழுக்கும் சொல் எதுவுமே வேண்டாம். தலைப்பில் ‘தற்கொலை’ என்ற சொல்லையும், முறையையும், இடத்தையும் தவிர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் வழிகாட்டுதலையொட்டி இந்திய பிரஸ் கவுன்சிலும் 2019இல் நெறிமுறை கொண்டுவந்தது. ‘தோல்வியால் விபரீத முடிவு’ என்று எழுதினால், அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது வழிகாட்டுவது மாதிரி ஆகிவிடும். ஒரே காரணத்தில் முடிச்சுப் போடுவதும் தப்பு. ‘மாணவர் மரணம்: போலீசார் விசாரணை’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். செய்தியின் அடியில் 104, 14416 உதவி எண்கள் கண்டிப்பாக இருக்கவேண்டும். இடம் பற்றவில்லை என்றால் செய்தியில் இரண்டு வரியை வெட்டுங்கள்.