பில்லியன் என்றால் எத்தனை கோடி?

ஒரு வாசகரின் கேள்வி இது: “செய்தி மொழிபெயர்க்கிறேன். ‘2.5 பில்லியன் டாலர்’ என்பதை 25 கோடி டாலர் என்று எழுதினேன். திருத்தியவர் 250 கோடி என்கிறார். வீட்டிலிருக்கும் பழைய ஆங்கில அகராதியோ பில்லியன் என்றால் லட்சம் கோடி என்கிறது. எதை நம்புவது?”

திருத்தியவர் சொன்னதுதான் சரி. ஒரு பில்லியன் என்பது 100 கோடி, அதாவது 1-க்குப் பின்னால் 9 பூஜ்யம். ஆனால் உங்கள் அகராதியும் பொய் சொல்லவில்லை. பிரிட்டனில் ரொம்ப காலம் பில்லியன் என்றால் மில்லியன் மடங்கு மில்லியன், நம் கணக்கில் லட்சம் கோடி. அமெரிக்கர்களோ ஆயிரம் மில்லியனைப் பில்லியன் என்றார்கள். 1974-இல் பிரதமர் ஹெரால்ட் வில்சன், அரசு ஆவணங்களில் இனி ஆயிரம் மில்லியன்தான் பில்லியன் என்று நாடாளுமன்றத்தில் சொன்ன பிறகு அங்கேயும் அதுவே நிலைத்தது. அதனால் அதற்கு முந்தைய பிரிட்டிஷ் புத்தகம் கையில் கிடைத்தால் கொஞ்சம் நிதானியுங்கள். ஜெர்மன் மொழியில் இன்றும் பழைய கணக்குதான். நம் 100 கோடியை அவர்கள் மில்லியார்டெ என்பார்கள், பில்லியோன் என்றால் லட்சம் கோடி.

மாற்றுவது சுலபம். பில்லியன் எண்ணை நூறால் பெருக்கினால் கோடி வந்துவிடும்: 0.75 பில்லியன் 75 கோடி, 1.05 பில்லியன் 105 கோடி. நிறைய பேர் தடுமாறுவது இந்த 1.05-இல்தான், அவசரத்தில் 150 கோடி என்று எழுதிவிடுகிறார்கள். மில்லியன் 10 லட்சம், டிரில்லியன் லட்சம் கோடி, அவ்வளவுதான். காற்புள்ளியைப் பார்த்து எண்ணாதீர்கள், ஆங்கிலச் செய்தியில் 2,500,000,000 என்று இருப்பது நம் வழக்கத்தில் 2,50,00,00,000.

அப்புறம், இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் மில்லியன், பில்லியன் என்றே எழுதுவார்கள், அங்குள்ளவர்களுக்காக எழுதினால் கோடியாக மாற்ற வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வாசகருக்குக் கோடிதான் மனதில் நிற்கும். ஆனால் ‘250 கோடி’ என்று மொட்டையாக விட்டால் ரூபாய் என்றே எடுத்துக்கொள்வார்கள், ஆகவே தலைப்பிலும்கூட ‘டாலர்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.