கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையைச் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் கொண்டாட முடியுமா? வீட்டிலிருக்கும் பழைய பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தை என்ன செய்வது, கழித்துவிட்டு உண்மையான மரத்துக்கு மாறலாமா?

முடியும். உங்களுக்கு அதிகக் குழப்பம் மரத்தில்தான் என்று தெரிகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் மரத்தைக் கழித்துவிட்டு உண்மையான மரத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை மரம் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக்கும் இரும்புக் கம்பியும் பின்னிச் செய்தது. இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால் தூக்கிப் போட்டால் பெரும்பாலும் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். இந்த மரத்தால் வரும் கேட்டில் பெரும்பகுதி அதைத் தயாரித்தபோதே நடந்து முடிந்துவிட்டது. பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு போட்ட கணக்கில், 2 மீட்டர் செயற்கை மரத்துக்குச் சுமார் 40 கிலோ கரியமில வாயு. அதே உயர உண்மையான மரம் குப்பைக் கிடங்கில் மட்கினால் 16 கிலோ. எரித்தாலோ, துண்டுகளாக்கி மண்ணுக்கு மூடாக்காகப் போட்டாலோ 3.5 கிலோதான்.

எரிப்பது நல்லதா என்று சிலர் பதறலாம். வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவைத்தான் மரம் திருப்பித் தருகிறது. கிடங்கிலோ காற்றுப் புகாமல் மட்கி மீத்தேன் வெளியாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். செயற்கை மரத்தின் 40 கிலோவை வருஷத்துக்கு 3.5 கிலோவாகப் பங்கிட்டுப் பார்த்தால், உங்கள் பிளாஸ்டிக் மரத்தைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தினால்தான் கணக்கு நேராகும். கிளை வளைந்திருந்தால் என்ன, அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வையுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் உண்மையான மரத்தைச் சொல்வேன். தொட்டியோடு வருவதாக இருந்தால் பத்து நாளுக்கு மேல் வீட்டுக்குள் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டில் அதன் குளிர்கால உறக்கம் கலைந்துவிடும்.

'இருப்பதையே பயன்படுத்து' என்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே விலக்கு, இழை சூடாகி எரியும் பழைய சீரியல் லைட். எல்இடிக்கு அதைவிட 75 சதவீதத்துக்கும் குறையாமல் மின்சாரம் மிச்சமாகும், பல மடங்கு காலம் உழைக்கும். ஒரு டைமர் போட்டு, தூங்கப் போகும் நேரத்தில் அணையும்படி வையுங்கள். 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் முதன்முதலாக ஒரு மரத்தில் மின்விளக்குகளைக் கட்டியபோது அதில் இருந்தவை 80 பல்புகள்தான். வீடு அழகாகத் தெரிய ஆயிரக்கணக்கில் தேவையே இல்லை.

அப்புறம் பரிசுகள். எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிற இடம் இதுதான். யாருக்கும் வேண்டாத பொருள் ஒன்று சுரங்கத்திலிருந்தும் எண்ணெய்க் கிணற்றிலிருந்தும் கிளம்பி, பாதி உலகம் சுற்றி வந்து, ஜனவரியில் பரண்மேல் ஏறுகிறது. 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது கால்வாசிகூட இல்லை. பேட்டரியில் ஓடும் மலிவான பொம்மைகளும் அந்தக் குவியலில்தான் சேர்கின்றன.

எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். ஆளுக்கு ஒருவர், ஒருவருக்கு ஒரே பரிசு, என்ன வேண்டும் என்று அவரையே கேட்டுக்கொள்ளலாம். குழந்தைகளுக்குப் பழைய புத்தகம், யாரோ ஓட்டி, வளர்ந்தபின் விட்டுவிட்ட சைக்கிள் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். பழசு என்று அவர்கள் முகம் சுளிப்பதில்லை, நாம்தான் கூச்சப்படுகிறோம். இந்த ஏற்பாட்டை அக்டோபரிலேயே பேசி முடித்துவிடுங்கள். டிசம்பரில் சொன்னால், ஆசையாக ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் பாட்டியின் மனம் நோகும். அப்படி அவர் வாங்கியிருந்தால் மறுப்பே சொல்லாமல் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிசு சுற்றும் தாளுக்கு ஒரு எளிய சோதனை: கையில் கசக்கிவிட்டு விடுங்கள். கசங்கியபடியே இருந்தால் பெரும்பாலும் காகிதம், தானாக விரிந்துகொண்டால் பிளாஸ்டிக் கலந்தது. ஜிகினாத் தூள் ஒட்டியதை வாங்கவே வேண்டாம், அது நுண் பிளாஸ்டிக். தனியாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாத் தூளை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது. துணியில் முடிந்து கொடுத்தால் இந்தச் சோதனையே தேவைப்படாது.

பயணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தொலைதூர விமானப் பயணம் ஒன்று போனால் மரத்திலும் விளக்கிலும் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும். ரயில் இருந்தால் ரயில். விமானம்தான் வழி என்றால், இரண்டு முறை போவதற்குப் பதிலாக ஒரே முறை போய்க் கூடுதல் நாள் தங்குங்கள். உறவுகளைப் பார்க்கவே போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாகச் சாப்பாடு. ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. விருந்து நாட்களில் போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அளவு மீறிச் சமைக்கிறோம். யார் யார் வருகிறார்கள் என்று இரண்டு நாள் முன்னால் உறுதிசெய்துகொண்டு, பட்டியலில் இரண்டு வகையைக் குறையுங்கள். வருகிறவர்களிடம் காலி டப்பா ஒன்று எடுத்துவரச் சொல்லுங்கள். மீந்ததைப் பந்தி முடிந்த கையோடு பிரித்துக் கொடுத்துவிடுங்கள். மேசையில் மணிக்கணக்கில் கிடந்த பிறகு கொடுத்தால் அது வீட்டுக்குப் போவதற்குள் கெட்டுவிடும்.