குவார்ட்டருக்குள் எத்தனை கிராம்?

கேள்வி: ஆண்டுதோறும் பேரணி, உறுதிமொழி, கெட்டுப்போன கல்லீரல் படம் எல்லாம் வைக்கிறோம். ஆனாலும் முதலாண்டுப் பையன்கள் சிலர் குடிக்கப் பழகிவிடுகிறார்கள். வேறென்ன செய்யலாம்?
- கல்லூரி விடுதி வார்டன், திருச்சி

பதில்: முதலில் கல்லீரல் படத்தைக் கழற்றுங்கள். பதினெட்டு வயதுக்காரனுக்கு அது தாத்தாக்களின் நோய். அவன் பயமெல்லாம் ரூம்மேட் கிண்டலுக்குத்தான். ‘எல்லாரும் அடிக்கிறாங்க’ என்ற நினைப்புதான் முதல் கிளாஸை எடுக்கவைக்கிறது. பெரும்பாலும் அது தப்புக் கணக்கு: குடித்துக் கூத்தடிப்பவன் கண்ணில் படுகிறான், போர்த்திக்கொண்டு தூங்கியவன் படுவதில்லை.

பெயரில்லாச் சீட்டில் இரண்டே கேள்வி கேளுங்கள். போன 30 நாளில் குடித்தாயா? விடுதியில் 100 பேருக்கு எத்தனை பேர் குடிப்பார்கள் என்று நினைக்கிறாய்? பதிலை எழுத்தாக இல்லாமல் டிக் அடிக்கும் கட்டமாக வையுங்கள். கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிப்பார்கள் என்று சந்தேகம் வந்தால் ஒருவனும் உண்மை சொல்லமாட்டான். 100 பேரில் நிஜமாகக் குடித்தவர் எத்தனை, பையன்கள் நினைத்தது எத்தனை என்ற இரண்டு எண்ணையும் மெஸ் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். குடிப்பவர்களே அதிகம் என்று வந்தால் மட்டும் எழுதாதீர்கள், அது குடிக்கு விளம்பரம் ஆகிவிடும். சீனியர்கள் ‘ட்ரீட்’ வைப்பதற்கு முன்பே, சேர்ந்த முதல் சில வாரங்களில் இதை முடித்துவிட வேண்டும்.

அடுத்தது கணக்கு. 180 மி.லி. குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதாவது 77 மி.லி.; ஒரு மி.லி. ஆல்கஹால் 0.79 கிராம்தான் என்பதால், எடையில் ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு 11 மணிக்கு முடித்தவன் விடிகாலை 5 மணிக்கு பைக்கை எடுத்தால், போதை உடம்பில் இன்னும் மிச்சமிருக்கலாம். ‘பீர்தானே’ என்பவனுக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மி.லி. பாட்டில் ஒன்றில் 40 கிராம். கரும்பலகையில் அவர்களையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பொறியியல் பையன்கள் பிரசங்கத்தை நம்பமாட்டார்கள், பெருக்கலை நம்புவார்கள்.

ஏற்கெனவே குடிப்பவனைச் சபையில் நிறுத்தாதீர்கள். குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்து என்று அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ படிவத்தில் 10 கேள்விகள்; 8 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் ஆலோசகரிடம் தனியாக அனுப்புங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ (அரசு மனநல உதவி) எண்ணிலும் பேசலாம். இன்னொன்று: மயங்கியவனுக்காக உதவி கேட்டு வருபவன்மேல் நடவடிக்கை இல்லை என்று முதல் நாளே அறிவியுங்கள். அடுத்த கேள்வியைப் படித்தால் காரணம் புரியும்.

கேள்வி: குடித்து மயங்கிய நண்பனுக்கு மோர், எலுமிச்சைச் சாறு கொடுத்தால் தெளியுமா?
- மாணவர், கோவை

பதில்: தெளியாது. மயக்கத்தில் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகலாம். விரல்விட்டு வாந்தி எடுக்கவைப்பதிலும் அதே ஆபத்து. தலையில் தண்ணீர் ஊற்றினால் ஏற்கெனவே குறைந்திருக்கும் உடல்சூடு இன்னும் இறங்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, பக்கத்திலேயே இருங்கள். ‘தூங்கினா சரியாயிடும்’ என்று விடாதீர்கள்; வயிற்றில் இருக்கும் சரக்கு தூங்கும்போதும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். கிள்ளினாலும் விழிக்கவில்லை, உதடு நீலம், நிமிடத்துக்கு 8 மூச்சுக்கும் குறைவு, மூச்சுக்கு மூச்சு 10 விநாடி இடைவெளி: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. வார்டனுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.