அப்ரேயு ஏன் ஹெய்ட்டிக்குப் போனார்?

வணக்கம். பேஸ்பால் வீரர் ஹோசே அப்ரேயு கியூபாவில் .453 அடித்தவர், அமெரிக்காவில் .317தான் என்று படித்தேன். கியூப லீக் அவ்வளவு சுமாரா? ஃபுளோரிடா பக்கத்திலேயே இருக்க, அவர் ஏன் ஹெய்ட்டிக்குப் போனார்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கியூப வீரர் நேராக அமெரிக்காவில் இறங்கிக் குடியேறினால், அணிகள் வரிசைப்படி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குள் வந்துவிடுவார். அதாவது, தேர்ந்தெடுத்த ஒரே அணியோடுதான் பேரம். 1991இல் மயாமி விமான நிலையத்தில் கியூப அணியிலிருந்து நழுவிய ரெனே அரோச்சாவைக் குலுக்கல் போட்டு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள். கிடைத்தது லட்சம் டாலரும் கொஞ்சமும். வேறொரு நாட்டில் வசிப்பிட உரிமை வாங்கியவருக்கு டிராஃப்ட் கிடையாது, எல்லா அணிகளும் போட்டி போடலாம். 1995இல் வெளியேறிய லிவான் ஹெர்னாண்டஸ், டொமினிக்கன் குடியரசு வழியாக வந்து ஃபுளோரிடா மார்லின்ஸ் அணியிடம் 45 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமானார். சுற்றுவழியின் பலன் அதுதான்.

அந்தச் சுற்றுவழியில் முதலில் வேண்டியது மூன்றாம் நாட்டின் வசிப்பிடப் பத்திரம். அதைக் காட்டினால் அமெரிக்க லீக் நிர்வாகம் அவரை ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியோடும் பேரம் பேசக்கூடியவர், என்று அறிவிக்கும். பொருளாதாரத் தடை இருப்பதால் அமெரிக்கக் கருவூலத் துறையின் அனுமதியும் வேண்டும். கோளாறு பெரும்பாலும் முதல் படியில்தான்: பத்திரத்தை அவசரமாக, போலியாக, வருங்காலச் சம்பளத்தில் பங்கு கேட்கும் ஆட்கள் மூலம் வாங்குவார்கள்.

அப்ரேயு 2013 ஆகஸ்டில் படகில் ஹெய்ட்டி போய்ச் சேர்ந்தார். அக்டோபரில் சிகாகோ வைட் சாக்ஸ் அணியோடு ஒப்பந்தம்: ஆறு ஆண்டு, 6.8 கோடி டாலர். வயது 26. 23 வயதும் சில சீசன்களும் தாண்டியவருக்கு அன்று வெளிநாட்டு வீரர்களுக்கான செலவு வரம்பு பொருந்தாது (இப்போது 25 வயது, ஆறு சீசன்). ஆனால் குறித்த நாளுக்குள் அமெரிக்கா வந்தாக வேண்டும். போலி ஹெய்ட்டி பாஸ்போர்ட்டில் மயாமிக்குப் பறந்தவர், முதல் பக்கத்தைக் கிழித்து பீரோடு விழுங்கிவிட்டார்! 2017இல் மயாமி நீதிமன்றத்தில் அவரே சொன்னது இது. அந்த வழக்கில் அவருடைய ஏஜென்ட்டும் பயிற்சியாளரும் குற்றவாளிகள் ஆனார்கள். கியூபக் கூட்டமைப்புக்கு ஒப்பந்தத்தில் 15 முதல் 20 சதவீதம் கட்டிவிட்டு வீரரை முறையாக அழைத்துவரலாம் என 2018 டிசம்பரில் ஓர் உடன்பாடு வந்தது. 2019 ஏப்ரலில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்துவிட்டது.

இனி அந்த .453. கிரிக்கெட் சராசரி போல இதைப் படிக்கக் கூடாது. பேட் பிடித்த ஆயிரம் முறையில் 453 ஹிட், அதாவது பந்தை அடித்துப் பேஸை எட்டியது, என்று பொருள். அதுவும் 2010-11 என்ற ஒரே சீசனில், காயத்தால் 66 ஆட்டம் மட்டும் ஆடி எடுத்த உச்சம். அதே சீசனில் அவரைப் போலவே 33 ஹோம் ரன் அடித்த யோயெனிஸ் செஸ்பெடெஸின் சராசரி .333; அமெரிக்காவில் ஓக்லண்ட் அணிக்கு ஆடிய 2012இல் .292. பந்துவீச்சின் தர வித்தியாசம் தெரிகிறது, சரிதான். அதற்காகக் கியூப லீக்கை மட்டம் என்று சொல்ல மாட்டேன். வைட் சாக்ஸ் ஆடும் அமெரிக்கன் லீக்கின் சராசரியே 2014இல் .250 சுமார். அங்கே .317, 36 ஹோம் ரன் அடித்த அப்ரேயுவுக்கு ஒருமனதாகச் சிறந்த புதுமுக விருது கொடுத்தார்கள். 60 ஆட்டமே நடந்த 2020இல் மறுபடி அதே .317, லீக்கின் சிறந்த வீரர் விருது.

அவரைச் சாய்த்தது வயதுதான். ஹூஸ்டன் அணிக்குப் போனபின் 2023இல் .237. அடுத்த ஆண்டு .124. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் பாதி மிச்சம் இருக்கும்போதே, 2024 ஜூனில், விடுவித்துவிட்டார்கள்.