ஒரே ஊரில் இரண்டு பேதுரு கோயில்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

டப்ளினில் வேலை பார்க்கிறேன். விடுமுறையில், பாய்ன் ஆற்றங்கரையில் இருக்கும் டிராஹெடா ஊருக்குப் போயிருந்தேன். அங்கே புனித பேதுரு பெயரிலேயே இரண்டு கோயில்கள். கத்தோலிக்கக் கோயில் கடைத்தெருவில் பிரம்மாண்டமாக நிற்கிறது. மேட்டில், கல்லறைகளுக்கு நடுவே இருக்கும் ஆங்கிலிக்கன் கோயில் பூட்டிக் கிடந்தது. பழையது இருக்கும்போது இவ்வளவு செலவு செய்து இன்னொன்று எதற்கு? வெறும் போட்டிதானா?

எஸ்., டப்ளின்

அன்புள்ள எஸ்,

போட்டி என்று சொல்லிவிடாதீர்கள். பழைய கோயில் கத்தோலிக்கர்கள் கையில் இல்லை, அதுதான் காரணம். 1560இல் அயர்லாந்துப் பாராளுமன்றம் ஆங்கிலிக்கன் வழிபாட்டை, அதாவது இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் வழிபாட்டைச் சட்டமாக்கியபோது பங்குக் கோயில், அதன் நிலம், தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி) எல்லாம் அரசுத் திருச்சபையோடு போய்விட்டன. ஜனங்களில் பெரும்பாலோர் கூடப் போகவில்லை. பழைய ஐரிஷ் ஊர்கள் பலவற்றில், சிலரே போகும் கோயில் ஊரின் ஆதி இடத்திலும், ஊரே போகும் கோயில் பிற்காலத்தில் நிலம் கிடைத்த இடத்திலும் இருப்பது இதனால்தான்.

நீங்கள் மேட்டில் பார்த்த கட்டடம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. ஆனால் இடம் பழையது, அங்கே நடந்ததைப் படித்தால் இன்றும் மனசு பதறுகிறது. 1649 செப்டம்பரில் இங்கிலாந்துப் பாராளுமன்றத் தளபதி குரோம்வெல்லின் படை தெற்கு மதிலை உடைத்து ஊருக்குள் புகுந்தது. ஓடிப்போய் பேதுரு கோயில் கோபுரத்தில் ஒளிந்தவர்களை, கீழே தீ மூட்டி எரித்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறுதான், புராட்டஸ்டண்டுகளை வெளியேற்றிவிட்டு அந்தக் கோயிலில் கத்தோலிக்கர்கள் பகிரங்கமாகப் பூசை வைத்தார்கள் என்றும், அதே இடத்தில் கிட்டத்தட்ட 1000 பேர் வெட்டப்பட்டார்கள் என்றும் குரோம்வெல்லே தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கொஞ்ச நாள் கையில் வந்த கோயில் அப்படிப் போனது.

அப்புறம் வந்தவை, கத்தோலிக்கர்களை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்கள். கத்தோலிக்கக் குருக்கள் பெயர் பதிய வேண்டும் என்று 1704இல் ஒரு சட்டம். பூசை சந்துகளிலும், கிராமப்புறத்தில் சில இடங்களில் வெறும் பாறை மேலும் நடந்தது. 1782இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், அப்போதும்கூட கோபுரமோ மணியோ உள்ள கோயிலில் பூசை வைக்கும் குருவுக்கு அந்தச் சலுகை கிடையாது என்றே எழுதினார்கள். 1829இல் கத்தோலிக்கர்களின் தலைவர் டேனியல் ஓகானல் போராடி உரிமை வாங்கிய பிறகு ஊருக்கு ஊர் உயரமான கோபுரங்கள் எழுந்தன என்றால், அதைப் படாடோபம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவ்வளவு காலம் மணியே அடிக்கக் கூடாது என்றிருந்த ஜனம் அது.

கடைத்தெருக் கோயில் இருக்கும் இடத்தில் 1790களில் ஒரு கோயில் வந்தது. இப்போதைய கட்டடம் 1880களில் எழுந்தது. ஒரு சுவாரசியம் பாருங்கள், அந்த முதல் கோயிலை வடிவமைத்த பிரான்சிஸ் ஜான்ஸ்டன்தான் மேட்டுக் கோயிலின் கூர்கோபுரத்தையும் வடிவமைத்தவர். கடைத்தெருக் கோயிலுக்குள் கண்ணாடிப் பேழையில் தோல் கறுத்து வற்றிய ஒரு தலையைப் பார்த்திருப்பீர்கள். 1681இல் லண்டன் டைபர்னில் கொல்லப்பட்ட பேராயர் ஆலிவர் பிளங்கெட்டின் தலை அது. இந்த ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கியவர். 1975இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

பணம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தங்கள் கோயிலுக்குக் காசு சேர்த்த அதே விவசாயிகள், தாங்கள் போகாத கோயிலுக்கும் தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது. 1831இல் கில்கென்னிப் பக்கம் தொடங்கிய மறுப்பு சில ஆண்டுகள் ரத்தம் சிந்திய போராட்டமாகவே நடந்தது. 1861 கணக்கெடுப்பில் ஆங்கிலிக்கன்கள் மக்கள்தொகையில் சுமார் 12 சதவீதம்தான். பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டத்தால் 1871 தொடக்கத்தில் ஆங்கிலிக்கன் சபை அரசுத் திருச்சபை என்ற நிலையை இழந்தது. மேட்டுக் கோயில் பூட்டிக் கிடப்பதை வைத்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். அதைப் பராமரிக்கும் சின்னச் சபைமீது எனக்கு மரியாதை உண்டு. அந்தக் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் எட்மண்ட் கோல்டிங், அவர் மனைவி எலிசபெத் பிளெமிங் இருவரையும், சவத்துணி விலகி எலும்பு தெரிகிற பிணங்களாகவே செதுக்கிய 16ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று பதித்திருக்கிறது. இன்னொரு தடவை போனால் அதைக் கட்டாயம் பாருங்கள்.