உப்புக்காற்றில் இறுகிய ஸ்கேட்: சரிசெய்வதா, இன்லைன் வாங்குவதா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகளுக்கு 9 வயது. துபாயில் இருக்கும் மச்சான் லீவில் வந்தபோது குவாட் ஸ்கேட் வாங்கி வந்தார், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம். இப்போது சக்கரம் சுற்றவே மாட்டேன் என்கிறது. கோச்சோ இது பழைய மாடல், சக்கரம் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் வாங்குங்கள் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசம் வாங்குங்கள், முக்கியமாக மணிக்கட்டு, ஏனென்றால் விழும் பிள்ளை முதலில் கையைத்தான் ஊன்றும்.

பழைய மாடல் என்ற பேச்சே சரியில்லை. மூத்தது இன்லைன்தான். 1819இல் பாரிஸில் பெடிப்லெட் என்பவர் காப்புரிமை வாங்கிய ஸ்கேட்டில் சக்கரங்கள் ஒரே கோட்டில்தான் இருந்தன. நேராக ஓடும், திருப்புவதுதான் பெரும்பாடு. குவாட் வந்தது 1863இல், நியூயார்க்கில். அங்கே மேசை நாற்காலி வியாபாரம் செய்த ஜேம்ஸ் பிளிம்ப்டன், சக்கர அச்சுக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் வைத்தார், ஆள் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் ஸ்கேட் தானாகத் திரும்பியது. ஸ்கேட்டை விற்காமல் வாடகைக்கு விட்டே சம்பாதித்த கெட்டிக்காரர் அவர். உங்கள் மகளின் குவாட்டிலும் அதே ரப்பர் இருக்கிறது, அதையும் பாருங்கள்: வெயிலில் வெடித்திருந்தால் திருப்பும்போது கால் சிக்கும்.

அதற்குப் பிறகு நியூயார்க்கில் ஸ்கேட் மாறியதெல்லாம் தரையை ஒட்டித்தான். மரச்சக்கரத்துக்கு வழவழப்பான உள்ளரங்குத் தளம் வேண்டும், அதனால் நெடுங்காலம் பெரும்பாலும் கூரைக்குள்தான் ஓடினார்கள். புரூக்ளினில் 1941இல் திறந்த எம்பயர் ரோலர்ட்ரோம் அப்படி ஓர் இடம், பாட்டுக்கு ஏற்ப ஸ்கேட்டில் ஆடுவதற்குப் பேர்போனது, 2007இல்தான் மூடினார்கள். 1970களில் பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில் சக்கரம் வந்தது. சிறு கல்லையும் வெடிப்பையும் தாங்கும் என்பதால் கூட்டம் சென்ட்ரல் பார்க்கின் தார்ச்சாலைக்கு வெளியேறியது. இன்லைன் திரும்பப் பிரபலமானது 1980களில், அதுவும் அமெரிக்காவின் இன்னொரு நகரமான மினியாபோலிஸில் ஐஸ் ஹாக்கிக்காரர்கள் கோடையில் பழகுவதற்காக. ஆக, எது புதுசு என்று கேட்பதைவிட எந்தத் தரையில் ஓடப்போகிறாள் என்று கேளுங்கள்.

உங்கள் ஊரில் தரை என்றால் என்ன? கடற்கரை மணல் ஆகாது. கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கமே போகாதீர்கள், ராமேஸ்வரம் போகிற வேன்களுக்கு நடுவில் பிள்ளையை விட முடியாது. பள்ளியின் சிமெண்ட் கூடைப்பந்து மைதானம் போதும், விளக்குமாற்றால் மணலைப் பெருக்கிவிட்டு ஓடவிடுங்கள். சக்கரத்தின் பக்கவாட்டில் 78ஏ, 82ஏ என்று எழுதியிருந்தால் அது மென்மையானது, சிமெண்டுக்குச் சரி. 95ஏ என்றால் மண்டபத் தளத்துக்கானது, சொரசொரப்பான சிமெண்டில் கால் அதிரும்.

இனி சுற்றாத சக்கரம். ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங், அதில்தான் உப்பும் மணலும் ஏறியிருக்கும். நட்டைக் கழற்றி, பேரிங்கை நெம்பி எடுங்கள். மண்ணெண்ணெயோ தின்னரோ ஊற்றிய கிண்ணத்தில் போட்டு அலசுங்கள், அடுப்படியில் வேண்டாம், பிள்ளையிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். நன்றாக உலர்ந்ததும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், புழுதியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். விரலால் சுழற்றும்போது கரகரவென்றால் அதைத் திரும்ப மாட்டாமல் ராமநாதபுரத்தில் பேரிங் கடையில் புதிது கேளுங்கள்: அச்சு 8 மில்லிமீட்டர் என்றால் 608 என்ற எண் பேரிங், 7 என்றால் 627. இரண்டுக்கும் வெளிவிட்டம் 22தான், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், அதனால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். மாட்டும்போது நட்டை ஒரேயடியாக முறுக்காமல் சக்கரம் மயிரிழை ஆடும்படி விடுங்கள். அப்புறம் ஓடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். மொட்டைமாடியிலோ வாசலிலோ கிடந்தால் மறுபடி இதே கதைதான்.

கோச் சொல்வதிலும் நியாயம் உண்டு, பந்தயம்தான் குறி என்றால். இங்கே போட்டிகளில் குவாட்டுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, ஆனால் உலக அளவிலான வேகப் பந்தயம் முழுக்க இன்லைன். 2025இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்றாரே சென்னை ஆனந்த்குமார் வேல்குமார், அவர் ஓடியதும் அதில்தான். மகள் குவாட்டில் விழாமல் வளைவு எடுத்து, நினைத்த இடத்தில் நிற்கப் பழகட்டும். அதன்பிறகும் பந்தயம் வேண்டும் என்று அவளே கேட்டால், அளவு கூட்டிக் குறைக்கும் இன்லைனாகப் பார்த்து வாங்குங்கள், இந்த வயதில் வருஷத்துக்கு வருஷம் கால் வளரும்.