சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: நியூ ஜெர்சியில் 26 பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். "மூணு வருஷமா வர்றான், பாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான்" என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். என்ன சொல்வது?

பதில்: முதலில் மணிக்கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஆண்டுக்கு 32 சனிக்கிழமை என்றால் 64 மணி நேரம். வருகைப்பதிவு, இடைவேளை, ஆண்டு விழா ஒத்திகை எல்லாம் போக 50 தேறினால் பெரிது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், தன் அலுவலர்கள் வேலைக்கு வேண்டிய அளவு தமிழ் கற்க 44 வாரம், 1,100 வகுப்பு மணி என்று கணக்கிடுகிறது. அந்தப் பையனுக்கு மூன்று வருடத்தில் கிடைத்தது 150 மணி. ஆனால் பெற்றோர் குறை சொல்லும்போது இதைச் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். சேர்க்கை நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரத்தின் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. பாட்டி "சாப்டியாடா, என்ன பண்றே?" என்கிறார். பையன் படித்ததோ "நான் பள்ளிக்குச் செல்கிறேன்". பேச்சுத் தமிழை வகுப்பில் வாயில் போட்டே பார்க்காத பிள்ளை விழிக்காமல் என்ன செய்வான்? முதல் 40 நிமிடம் புத்தகத்தைத் திறக்காதீர்கள். வாரம் ஒரு சூழல் எடுங்கள்: கடை, சாப்பாடு, உடம்பு சரியில்லை. அந்த வாரம் வீடியோ அழைப்பில் பாட்டியிடம் கேட்க மூன்று கேள்விகள், அதுதான் வீட்டுப்பாடம். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா அப்பா மொழிபெயர்க்கக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

எழுத்தில் தவறு நடப்பது வேறிடத்தில். 247 எழுத்து அட்டவணையை ஒப்பிக்கவைத்தே ஒரு வருடம் போய்விடுகிறது. ப, ட, ம மூன்றையும் புள்ளியையும் காட்டினால் படம், பட்டம், மடம், மட்டம் என்று பிள்ளை சீக்கிரமே வாசிக்கத் தொடங்கிவிடும். உண்மையான தடை கொம்பு. ஆங்கிலம் வாசித்துப் பழகிய கண்ணுக்கு 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்பதால், சில பிள்ளைகள் 'எக்' என்று வாசிப்பார்கள். 'கொ' வந்தால் எழுத்தின் இருபுறமும் குறி, இன்னும் குழப்பம். கா, கி, கு வரிசையோடு சேர்த்து ஓட்டிவிடாமல் கொம்புக்கென்றே மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

செப்டம்பரில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் பேசுவதைப் பெற்றோர் அனுமதியோடு கைப்பேசியில் பதிந்து வையுங்கள். மே மாதம் அதே கேள்விகளைக் கேட்டு மறுபடி பதியுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து அந்தப் பெற்றோருக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். மதிப்பெண் அட்டை சொல்லாததை அவர்கள் காதாலேயே கேட்பார்கள்.

கேள்வி: டொராண்டோவில் எங்கள் வகுப்பில் ஈழத்துப் பிள்ளைகளும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. 'கதிரை' என்றால் ஒரு தரப்புக்கு வருத்தம், 'நாற்காலி' என்றால் மறுதரப்புக்கு.

பதில்: இரண்டையும் பலகையில் எழுதுங்கள். கதைக்கிறது, பேசுறது, தேத்தண்ணி, டீ, சவர்க்காரம், சோப்பு. புரிந்துகொள்ள இரண்டும் வேண்டும், பேச அவரவர் வீட்டுச் சொல் போதும். தேர்வில் எதை எழுதினாலும் முழு மதிப்பெண் என்று ஆசிரியர்களுக்கு எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். அம்மா சொல்லும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்தால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது.